டெஸ்ட்ல குவரி லிஸ்ட் காலியா வருதா?

கேள்வி: ஜாங்கோ (பைத்தான்ல வெப்சைட் கட்டுற ஃப்ரேம்வொர்க்) ப்ராஜெக்ட். ஆர்டர் லிஸ்ட் பேஜ் எத்தனை குவரி (டேட்டாபேஸ்கிட்ட கேட்கிற கேள்வி) ஓட்டுதுன்னு டெஸ்ட்ல பார்க்கணும். செட்டிங்ஸ்ல டீபக் (DEBUG) ட்ரூதான், ஆனா ஓடின குவரியைக் காட்டுற கனெக்ஷன்.குவரிஸ் லிஸ்ட் காலியாவே வருது. டேட்டாபேஸ் பக்கமே போகலையா?

பதில்: போகுது, நல்லாவே போகுது. செட்டிங்ஸ்ல நீங்க என்ன எழுதி வச்சாலும் ஜாங்கோ டெஸ்ட் ரன்னர் டீபக்கை ஃபால்ஸ் ஆக்கிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும், டீபக் இல்லேன்னா அந்த லிஸ்ட்ல ஒண்ணும் ஏறாது. இதுக்குன்னே கேப்சர்குவரிஸ்கான்டெக்ஸ்ட்னு ஒண்ணு இருக்கு, ஜாங்கோ.டெஸ்ட்.யூட்டில்ஸ்ல இருந்து இம்போர்ட் பண்ணி வித் ப்ளாக்குக்குள்ள பேஜைக் கூப்பிடுங்க, அந்த நேரத்துல ஓடுறதை எல்லாம் பிடிச்சு வச்சுக்கும், அப்புறம் ப்ரிண்ட் பண்ணி உக்காந்து படிங்க. ஒரே செலக்ட், கஸ்டமர் ஐடி மட்டும் மாறி மாறி வரிசையா வந்தா அதுதான் என் ப்ளஸ் ஒன் (N+1), அதாவது லிஸ்ட்டுக்கு ஒரு குவரி, அப்புறம் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியா இன்னொண்ணு. ஆர்டர் குவரில செலக்ட்_ரிலேட்டட் போட்டா கஸ்டமர் டேபிளும் ஜாயின் ஆகி ஒரே குவரில அடங்கிடும்.

குவரிசெட்.குவரியை (கோட்ல எழுதின குவரியோட எஸ்கியூஎல் வடிவம்) ப்ரிண்ட் பண்ணி இதுதான் ஓடுச்சுன்னு நம்பாதீங்க, அது உத்தேசமா காட்டுறது, குவரிசெட்டை யாராவது லூப் பண்ற வரைக்கும் ஒண்ணுமே ஓடியிருக்காது.

இத்தனை குவரிதான் ஓடணும்னு எண்ணிக்கையைப் பூட்ட அசர்ட்நம்குவரிஸ் இருக்கு. ஆனா நம்ம டீம்கள்ல நடக்கறது என்ன, டெஸ்ட் உடைஞ்சா 7ஐ 8 ஆக்கிட்டு மெர்ஜ் பண்ணிடுவாங்க, ரிவியூ பண்றவரும் கண்ணை மூடிட்டு அப்ரூவ். அதனால 2 ஆர்டர் போட்டு எண்ணுங்க, 10 ஆர்டர் போட்டு எண்ணுங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, அதை யாரும் நம்பர் மாத்தி ஏமாத்த முடியாது.

இன்னொரு கூட்டம் இருக்கு, பெர்ஃபார்மன்ஸ் ஆடிட்னு கோட் பக்கமே போகாம பெரிய சர்வர் வாங்குங்கன்னு எழுதிக் குடுத்துட்டு பில் போடுவாங்க. அந்த பில் ஒரே மெயில்ல அப்ரூவ் ஆகும், இந்த டெஸ்ட் எழுத அரை நாள் கேட்டா ஸ்ப்ரின்ட்ல இடமில்லையாம்.

ஒரு விஷயம் மட்டும் நிதானமா படிங்க. டெஸ்ட்டைத் தனியா ஓட்டினா ஒரு குவரி கூடுதலா, மொத்தமா ஓட்டினா கம்மியா வந்தா உங்க கோட்ல தப்பு இல்லாமலும் இருக்கலாம். ஜெனரிக் ஃபாரின் கீ (எந்த மாடலையும் காட்டக்கூடிய இணைப்பு) மாதிரி கான்டென்ட்டைப்பை (ContentType, என்னென்ன மாடல் இருக்குன்னு ஜாங்கோ குறிச்சு வைக்கிற டேபிள்) தொடுற இடத்துல, ஜாங்கோ முதல் தடவை அந்த டேபிளைப் பார்த்துட்டு ப்ராசஸ் முடியற வரைக்கும் மெமரில வச்சுக்கும், முன்னாடி ஓடின வேற டெஸ்ட் அதை ஏற்கனவே நிரப்பியிருந்தா உங்க டெஸ்ட்ல அந்த குவரி வராது. செட்அப்ல கான்டென்ட்டைப்.ஆப்ஜெக்ட்ஸ்.கிளியர்_கேஷ் கூப்பிட்டுடுங்க, எப்படி ஓட்டினாலும் ஒரே எண்ணிக்கை வரும்.

கோடே தொடாம அவசரமா பார்க்கணும்னா டெஸ்ட் கமாண்ட்ல டீபக்-எஸ்கியூஎல் ஃப்ளாக் போடுங்க. ஃபெயில் ஆன டெஸ்ட்டோட குவரிதான் வரும், பாஸ் ஆனதும் வேணும்னா வெர்பாசிட்டி 2.