கூண்டைக் கண்டாலே ஒளியும் முயலுக்கு

மருத்துவரிடம் கொண்டுபோகும் கூண்டை எடுத்தாலே முயல் கட்டிலுக்கடியில் ஓடிவிடுகிறது, மருத்துவர் மேசையில் உறைந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தக் கூண்டைப் பரணில் ஏற்றாதீர்கள். கதவைத் திறந்து, உள்ளே காய்ந்த புல்லும் கொஞ்சம் கொத்தமல்லியும் போட்டு, அது நடமாடும் இடத்திலேயே கிடக்கட்டும். தானாக நுழைந்து தின்னப் பழகும். மேல்பக்கமும் திறக்கும் கூண்டென்றால் இன்னும் நல்லது, இழுத்து எடுக்க வேண்டாம்.

போகும் நாளில் பட்டினி போடாதீர்கள். முயலால் வாந்தியெடுக்க முடியாது. அதனால் அறுவை சிகிச்சைக்குக்கூட நாய், பூனைபோல் வெறும் வயிறு தேவையில்லை. வெயில் ஏறுமுன் காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். காத்திருக்கையில் கூண்டைத் தரையில் வைக்காமல் மடியில் வைத்து, நாய்கள் தெரியாதபடி துண்டால் மூடுங்கள், காற்றோட்டம் இருக்கட்டும். ஜோடி முயல் இருந்தால் அதையும் கூட்டிப்போங்கள்.

மல்லாக்கப் படுக்கவைத்து 'அமைதிப்படுத்த' மட்டும் யாரையும் விடாதீர்கள். பயத்தில் செத்ததுபோல் கிடக்கிறது, பாவம். துண்டில் சுற்றி, பின்னங்கால்களைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். தாங்கல் இல்லாமல் உதைத்தால் முதுகெலும்பே முறியலாம்.

வீடு வந்தபின் சில மணி நேரமாக எதுவும் தின்னவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் மருத்துவரை அழையுங்கள். 12 மணி நேரம் கடக்க விடவே கூடாது.