கையுறை அணிந்தும் அணியாமலும்: குமார் சங்கக்கார பற்றி வாசகர் கேட்டவை

கேள்வி: இலங்கைக் கிரிக்கெட் வீரர் குமார் சங்கக்காரவை விக்கெட் காப்பாளர் என்று சொல்வதா, துடுப்பாட்ட வீரர் என்று சொல்வதா? டெஸ்ட் போட்டிகளில் காப்பாளரின் கையுறையைக் கழற்றிய பிறகுதானே அவர் பெரிய வீரரானார்?

பதில்: 134 டெஸ்ட் போட்டிகளில் 38 சதங்களோடு 12,400 ஓட்டங்களைக் குவித்து, 57.40 என்ற சராசரியுடன் 2015 ஓகஸ்டில் அவர் ஓய்வுபெற்றார். அந்த 134 போட்டிகளையும் கையுறை அணிந்தவை, அணியாதவை என்று பிரித்துப் பார்த்தால் உங்கள் கேள்வியின் நியாயம் விளங்கும். காப்பாளராக ஆடிய 48 போட்டிகளில் அவரது சராசரி 40.48, சதங்கள் 7. துடுப்பாட்ட வீரராக மட்டும் ஆடிய 86 போட்டிகளில் சராசரி 66.78, சதங்கள் 31.

ஆனால் இந்த இடைவெளி முழுவதையும் கையுறையின் மேல் ஏற்றிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2000 ஜூலையில் காலியில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 22. அவர் விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற ஆண்டுகள் பெரும்பாலும் ஓர் இளைஞர் சர்வதேசப் பந்துவீச்சை எதிர்கொள்ளக் கற்றுக்கொண்ட ஆண்டுகள். கழற்றி வைத்த ஆண்டுகளோ பெரும்பாலும் இருபதுகளின் இறுதியிலிருந்து 37 வயது வரை நீண்ட, ஒரு துடுப்பாட்ட வீரர் தன் ஆட்டத்தை முழுதாக அறிந்து ஆடும் ஆண்டுகள். காப்பாளராக இருந்திருந்தாலும் அந்தச் சராசரி ஓரளவு உயர்ந்தே இருக்கும். மேலும், 2002 இல் லாகூரில் நடந்த ஆசிய டெஸ்ட் சம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் எடுத்த 230 ஓட்டங்கள் கையுறை அணிந்திருந்த காலத்தில் வந்தவை என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். காப்பாளராகப் பெற்ற 40.48 என்ற சராசரியும் தன்னளவில் மதிப்புக்குரியதே.

கேள்வி: காப்புப் பணி துடுப்பாட்டத்தை உண்மையிலேயே பாதிக்குமா? அவுஸ்திரேலியக் காப்பாளர் அடம் கில்கிறிஸ்ட் இரண்டையும் சிறப்பாகச் செய்தாரே!

பதில்: பாதிக்கும். ஆனால் எந்த அளவுக்கு என்பதை, அந்தக் காப்பாளர் துடுப்பாட்ட வரிசையில் எத்தனையாவது இலக்கத்தில் ஆடுகிறார் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஒரு நாளில் 90 ஓவர்கள் வீசப்பட்டால் காப்பாளர் 540 தடவை குந்தி எழ வேண்டும். துடுப்பாளர் தொடாமல் விடும் பந்தையும் தன்னிடம் வரப்போகும் பந்தாகவே கருதிக் கவனிக்க வேண்டும். அதுவும் முத்தையா முரளிதரன் வீசும்போது, பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அவரது கையிலிருந்தே படித்தாக வேண்டும். எதிரணி ஆட்டமிழந்ததும் இரண்டு இன்னிங்ஸுகளுக்கும் நடுவே கிடைப்பது 10 நிமிடங்கள் மட்டுமே. ஏழாம் இலக்க வீரருக்கு அதன் பிறகும் பல மணி நேரம் ஓய்வு கிடைக்கலாம். கில்கிறிஸ்ட் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஆடினார். மூன்றாம் இலக்க வீரரோ, தொடக்க வீரர் முதற்பந்திலேயே ஆட்டமிழந்தால், கால் கவசத்தை மாற்றிய கையோடு மைதானத்துக்குத் திரும்ப வேண்டியவர். சங்கக்கார ஏற்றுக்கொண்டது இந்த இடத்தை.

சுமையைத் தாங்கவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். சிம்பாப்வேயின் அன்டி பிளவர், காப்பாளராக ஆடிய 55 டெஸ்ட் போட்டிகளில் 53.70 என்ற சராசரியைப் பெற்றார். என் கணிப்பில் காப்பாளர் ஒருவரின் டெஸ்ட் துடுப்பாட்டத்தில் அதற்கு மேலான சாதனை இல்லை. ஆயினும் அவரும் மூன்றாம் இலக்கத்தை விடச் சற்றுப் பின்னால்தான் பெரும்பாலும் களமிறங்கினார்.

2006 ஜூலையில் கொழும்பு சிங்கள விளையாட்டுக் கழக (எஸ்.எஸ்.சி.) மைதானத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். தென்னாபிரிக்கா 169 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. காப்பாளராக நின்றவர் பிரசன்ன ஜயவர்தன. இலங்கை 14 ஓட்டங்களுக்கு 2 விக்கெட்டுகளை இழந்திருந்த நிலையில் இணைந்த சங்கக்காரவும் மஹேல ஜயவர்தனவும் மூன்றாவது விக்கெட்டுக்கு 624 ஓட்டங்களைச் சேர்த்தார்கள். சங்கக்கார 287, மஹேல 374. முதல்தரக் கிரிக்கெட்டில் எந்த விக்கெட்டுக்கும் அதுவரை அவ்வளவு பெரிய இணைப்பாட்டம் பதிவாகியிருக்கவில்லை. அன்று களத்தடுப்பில் 50 ஓவர்கள் குந்தி எழுந்திருந்தால் அவரால் இப்படி ஆடியிருக்க முடியாது என்று உறுதியாகக் கூற எவராலும் இயலாது. ஆனால் பிரசன்னவைப் போன்ற தேர்ந்த காப்பாளர் ஒருவர் அணியில் இருக்கும்போது, தலைசிறந்த துடுப்பாட்ட வீரரைக் களைப்பிலிருந்து காத்த தேர்வாளர்களின் முடிவு மிகச் சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: அப்படியானால் ஒருநாள் போட்டிகளில் அவர் ஏன் கடைசிவரை காப்பாளராக நீடித்தார்?

பதில்: அங்கே 300 பந்துகளோடு வேலை முடிகிறது, முன்வரிசைத் துடுப்பாட்ட வீரரே காப்பாளராகவும் இருந்தால், அணியில் ஒரு சகலதுறை வீரருக்கோ பந்துவீச்சாளருக்கோ இடம் கிடைக்கிறது. 404 ஒருநாள் போட்டிகளில் 14,234 ஓட்டங்களை எடுத்த அவர், காப்பாளராக 482 ஆட்டமிழப்புகளுக்கும் காரணமானார். அவற்றில் 99 ஸ்டம்பிங், அதாவது துடுப்பாளர் எல்லைக்கோட்டை விட்டு முன்னேறிய வேளையில் காப்பாளர் விக்கெட்டைத் தட்டி வீழ்த்தியவை. ஒருநாள் போட்டிகளில் வேறெந்தக் காப்பாளரும் அந்த 482 ஐ எட்டவில்லை. 2015 உலகக் கிண்ணத்தில் பங்களாதேஷ், இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, ஸ்கொட்லாந்து ஆகிய அணிகளுக்கு எதிராக அடுத்தடுத்து நான்கு சதங்களை அடித்தபோதும் அவரே இலங்கையின் காப்பாளர்.

கேள்வி: அவுஸ்திரேலியாவின் டொன் பிராட்மன் டெஸ்ட் போட்டிகளில் எடுத்த 12 இரட்டைச் சதங்களை அவர் எட்ட முடியாமற்போனது காப்பாளராக ஆடிய அந்த 48 போட்டிகளினால்தானா?

பதில்: இல்லை. அவரது 11 இரட்டைச் சதங்களில் லாகூரில் எடுத்த ஒன்று காப்பாளராக வந்தது, மற்றவை பத்தும் கையுறையின்றி வந்தவை என்பது உண்மையே. ஆனால் பன்னிரண்டாவது இரட்டைச் சதம் தவறிப்போன கதை வேறு. 2007 இல் ஹோபார்ட்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 192 ஓட்டங்களோடு ஆடிக்கொண்டிருந்தவர், துடுப்பில் படாத பந்துக்குப் பிடி கொடுத்ததாக ஆட்டமிழந்தார். நடுவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார். 2012 ஜூனில் காலியில் பாகிஸ்தானுக்கு எதிராக நடந்தது அதைவிட வேதனையானது. புள்ளிப் பலகை ஓர் ஓட்டத்தைக் கூடுதலாகக் காட்டியதால், ஆறு ஓட்டம் ஒன்றை அடித்ததும் 200 ஐ எட்டிவிட்டதாக நம்பி அவர் மகிழ்ச்சியைக் கொண்டாடினார். உண்மையில் அவர் எடுத்திருந்தவை 199. எஞ்சிய ஓர் ஓட்டத்தை எடுப்பதற்குள் மறுமுனையில் கடைசி விக்கெட் விழ, ஆட்டமிழக்காமலேயே அவர் மைதானத்தை விட்டு வெளியேறினார்.