காலண்டர் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள், அண்ணாச்சி

முக்கூடலிலிருந்து கடிதம் எழுதிய அண்ணாச்சிக்கு,

குணமாக்க முடியாத நோயாளிகளின் வலியையும் அவதியையும் குறைக்கும் ஆதரவு சிகிச்சையில் உதவியாளராகச் சேர உங்கள் மகள் விரும்புகிறாள். "பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தது பீ மூத்திரம் அள்ளுவதற்கா? அந்த வேலைக்கு மதிப்பு கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பீடி சுற்றிச் சேர்த்த காசில் படித்த பிள்ளை. உங்கள் ஆற்றாமை எனக்குப் புரிகிறது. ஆனால் அதே கடிதத்தில் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் தாயார் 14 மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தும் உடம்பில் ஒரு புண் வரவில்லை. ஆச்சியைப் புரட்டிப் படுக்க வைத்த நேரத்தையெல்லாம் மகள் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்திருந்தாள். அந்த இடத்தை நான் நான்கு முறை படித்தேன்.

பாளையங்கோட்டையில் என் உறவினர் வீட்டில் படுக்கையில் கிடந்த பெரியவரைக் கவனிக்க வலி நிவாரண ஆதரவு சிகிச்சை உதவியாளர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். வந்ததும் கை கழுவுவார். போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்ப்பார். ஒருநாள் அங்கே லேசான சிவப்பு. விரலால் அழுத்தி எடுத்துவிட்டுக் காத்திருந்தார். அழுத்திய இடம் வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் அடையாளம் அதுதான். கெண்டைக்காலுக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, குதிகால் மெத்தையில் படாதபடி செய்தார். நோயாளியைத் தரதரவென்று இழுக்காமல், அடியில் விரித்த பழைய வேட்டியின் இரண்டு பக்கமும் பிடித்து ஆளுக்கொரு புறமாகத் தூக்கி நகர்த்தக் கற்றுக்கொடுத்தார். பேச முடியாத அந்தப் பெரியவர் குளிப்பாட்டும்போது புருவத்தைச் சுளிப்பதைக் கவனித்து நர்ஸிடம் சொன்னதும் அவர்தான். மறுநாளிலிருந்து குளியலுக்கு முன்பே வலி மருந்து கொடுக்கப்பட்டது. மார்ஃபின் என்ற கடும் வலி மருந்து தொடங்கியவருக்கு மலச்சிக்கல் வரும் என்பதால், மலம் கழித்த நாளையும் தவறாமல் எழுதுவார். நீங்கள் அள்ளுவது என்று சொன்ன வேலைக்குள் இவ்வளவு கவனிப்பு இருக்கிறது. இந்தக் கண் உங்கள் மகளுக்கு ஏற்கெனவே வாய்த்திருக்கிறது.

மதிப்பு கிடைக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் இந்த உதவியாளர்களுக்கென்றே தனிச் சான்றிதழ்த் தேர்வு இருக்கிறது. அதை எழுத, கடந்த 12 மாதங்களில் 500 மணி நேரமோ 24 மாதங்களில் 1000 மணி நேரமோ இந்தப் பணியைச் செய்திருக்க வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய ஆதரவு சிகிச்சை முயற்சி ஊர் ஊராகப் பரவி, சாதாரண மனிதர்களையும் நோயாளியின் கட்டில் அருகே கொண்டுவந்தது. நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் ஆதரவு சிகிச்சை உண்டு. ஆனாலும் நர்ஸுக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதிகூட உதவியாளருக்கு இங்கே கிடைப்பதில்லை. இதை மறைத்து உங்கள் பிள்ளையை அனுப்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் என் யோசனை: உதவியாளர் பயிற்சியோடு நின்றுவிட வேண்டாம். முடிந்தால் 2 ஆண்டு ஏ.என்.எம். (துணை நர்ஸ், தாதியர் படிப்பு) அல்லது 3 ஆண்டு ஜி.என்.எம். (பொது நர்ஸிங், தாதியர் படிப்பு) படித்துவிட்டு இந்தத் துறைக்கு வரட்டும். பதிவு பெற்ற நர்ஸுக்குத்தான் மேலே ஏறப் படிகள் அதிகம். எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் தாதியர் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

குடும்பச் சூழலால் உடனே சம்பளம் வேண்டும் என்றால் உதவியாளர் பயிற்சியில் சேரட்டும், தவறில்லை. எத்தனை வாரம் நோயாளியின் பக்கத்தில் நிற்க விடுவார்கள் என்று கேளுங்கள். கரும்பலகையோடு முடிகிற பயிற்சி வேண்டவே வேண்டாம். வேலைக்கு எடுக்கும் ஏஜென்சி அசல் சான்றிதழைக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும். இன்னொன்று, மரணத்தை அடிக்கடி பார்க்கிற வேலை இது. அழுதுகொண்டு வீட்டுக்கு வரும் நாளில் "அப்போதே சொன்னேனே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஆச்சியின் காலண்டர் தாள்கள் இன்னும் வீட்டில் இருக்கும் என்று நம்புகிறேன். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். நேர்காணலுக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலோடு அவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.