பிள்ளை பெயரில் வரும் 3,500 ரூபாய் எங்கே போகிறது?

கேள்வி: நாங்கள் திருவாரூர் மாவட்டம், கொரடாச்சேரி பக்கம் ஒரு கிராமம். மகனுக்கு எட்டு வயது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். அறிவுசார் குறைபாடு 60 விழுக்காடு என்று சான்றிதழும் அடையாள அட்டையும் இருக்கின்றன. நடை தள்ளாடும். பாத்ரூமுக்கு யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும். அதனால் பள்ளி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன், நடவு வேலைக்குப் போக முடியவில்லை. சிறப்பு டீச்சர் எப்போதாவதுதான் வருகிறார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 3,500 ரூபாய் அரசு தருகிறது என்கிறார்கள், எங்கள் கைக்கு ஒரு பைசா வரவில்லை. பக்கத்துத் தெருப் பெண்பிள்ளைக்கு மட்டும் கணக்கில் 2,000 ரூபாய் ஏறியிருக்கிறது. ஹெச்.எம்.மிடம் கேட்டால், "ஃபண்டு வரவில்லை. டவுனில் ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கிறது, டி.சி. வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: டி.சி. கேட்டு எதையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், அம்மா. மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் காகிதம் உங்கள் கையெழுத்தோடு கோப்பில் ஏறிவிட்டால், நாளைக்கு எந்த அதிகாரியிடம் போனாலும் "பெற்றோரே விரும்பி அழைத்துப் போய்விட்டார்கள்" என்று அதையே எடுத்துக் காட்டுவார்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 31-ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைக்கு, வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு. எந்தப் பள்ளி என்பது பிள்ளையின் விருப்பம். பிள்ளைக்காக அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள், ஹெச்.எம். அல்ல. சிறப்புப் பள்ளியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில பிள்ளைகளுக்கு அதுதான் பொருந்தும். நீங்களே போய்ப் பார்த்து, பிடித்திருந்தால் மாற்றுங்கள். வாசலிலிருந்து தள்ளிவிடப்பட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். அதேபோல, கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அதுவும் நீங்கள் கேட்டால் மட்டும்தான். பெயரைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டு பிள்ளையை வீட்டில் உட்கார வைக்க அது சாக்காகிவிடக் கூடாது.

இனி பணத்துக்கு வருவோம். 3,500 என்பது பொய்யில்லை. ஆனால் அது உங்கள் மகன் பெயரில் வந்து யாரோ எடுத்துக்கொள்ளும் பணமும் இல்லை. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு போட்டு நடத்தும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில், சிறப்புத் தேவையுள்ள ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை என்று வைத்துத் திட்டம் போடுகிறார்கள். உபகரணங்கள், பயிற்சிப் பொருட்கள், மருத்துவ மதிப்பீட்டு முகாம், போக்குவரத்துப் படி, துணைக்கு வருபவருக்கான படி என்று மாவட்டம் முழுவதற்கும் சேர்த்துச் செலவாகும் தொகை அது. ஆகவே "3,500-ஐக் கொடுங்கள்" என்று மனு எழுதினால், "இது ரொக்கமாக வழங்கும் திட்டம் அல்ல" என்று ஒரே வரியில் பதில் வரும். சட்டப்படி அந்தப் பதில் சரியும்கூட. நீங்கள் கேட்க வேண்டியது அந்தப் பணம் எதற்காக ஒதுக்கப்பட்டதோ அந்தச் சேவையை.

பக்கத்துத் தெருப் பெண்பிள்ளைக்கு வந்தது வேறு பணம். அதே திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள பெண் குழந்தைகளுக்கு மட்டும் மாதம் 200 வீதம் 10 மாதத்துக்குத் தனி ஊக்கத்தொகை உண்டு. அதுதான் அந்த 2,000. ஆண் பிள்ளைக்கு அது வராது. அதற்காக அந்தக் குடும்பத்தின் மேல் வருத்தம் வைக்காதீர்கள்.

"ஃபண்டு வரவில்லை" என்ற பேச்சில் பாதி உண்மை. 2024-25-ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு தர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டதும், அதை எதிர்த்துத் தமிழக அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் பேப்பரில் வந்ததுதான். ஆனால் அது இரண்டு அரசுகளுக்கு இடையிலான கணக்கு. அதை உங்கள் மகன் தலையில் கட்ட முடியாது. சட்டம் சுமத்திய கடமையைச் செய்யாமல் இருப்பதற்குப் பணமில்லை என்பது காரணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே ரத்லாம் நகராட்சி வழக்கில் சொல்லிவிட்டது. அங்கே விவகாரம் சாக்கடையும் கழிப்பிடமும். உங்களுக்கும் பாதிப் பிரச்சினை கழிப்பிடம்தானே.

2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகரித்த எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும். பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும். கட்டடமும் வளாகமும் பிள்ளை புழங்கும்படி இருக்க வேண்டும். அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ற உதவி தர வேண்டும். போக்குவரத்து வசதியும் செய்ய வேண்டும். உயர் ஆதரவு தேவைப்படும் பிள்ளை என்றால் துணைக்கு வருபவருக்கும் அந்த வசதி உண்டு. 17-ஆம் பிரிவின்படி புத்தகமும் உதவி உபகரணங்களும் 18 வயது வரை இலவசம். நம் பக்கத்துப் பள்ளிகளில் பார்த்திருப்பீர்கள், வகுப்பறைக்குச் சாய்தளம் கட்டியிருப்பார்கள், கழிப்பறை மட்டும் நாலு படி ஏறி இருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் இடையில் உள்ள மண்தரை சேறாகிவிட்டால் தள்ளாடும் பிள்ளை என்ன செய்வான்? சாய்தளம் இருக்கிறது என்று அறிக்கையில் டிக் அடித்துவிடுவதாலேயே சட்டம் நிறைவேறிவிடாது.

சிறப்பாசிரியர் விஷயத்தில் உங்கள் கை இன்னும் பலமானது. 2021-இல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தைச் சொன்னது. 2022-இல் மத்திய அரசும் அதையே கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்தது. 2025 மார்ச்சில், தேவையான பணியிடங்களை உருவாக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டது. உங்கள் ஒரு பள்ளிக்கென்று தனியாக ஒருவர் நாளைக்கே வந்துவிடுவார் என்று நம்பாதீர்கள். ஆனால் ஒன்றிய அளவில் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் எந்தெந்தக் கிழமை உங்கள் பள்ளிக்கு வருவார் என்று எழுத்தில் கேட்கும் உரிமை உண்டு.

மனு எழுதும் முன் ஒரு சின்ன வேலை. பள்ளியின் எமிஸ் பதிவில், அதாவது மாணவர் விவரங்களை ஏற்றும் அரசின் கணினிப் பதிவில், உங்கள் மகனுடைய குறைபாட்டின் வகையும் விழுக்காடும் ஏறியிருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். அங்கே அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பட்டியலில் பையனே இல்லை என்று அர்த்தம். எந்தப் படியும் உபகரணமும் வராது. பல பெற்றோருக்குச் சிக்கல் இங்கேதான், வழக்குப் போடுகிற அளவுக்கே போக வேண்டியதில்லை.

மனுவை ஹெச்.எம். பெயருக்கு எழுதுங்கள். நகலை வட்டாரக் கல்வி அலுவலர், வட்டார வள மையம், முதன்மைக் கல்வி அலுவலர் மூவருக்கும் அனுப்புங்கள். நீட்டி முழக்க வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: "என் மகனுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 16, 17, 31-இன்படி, (1) கழிப்பறை வரை கைப்பிடியுடன் சாய்தளமும் அழைத்துச் செல்ல ஓர் உதவியாளரும், (2) சிறப்பாசிரியர், பிசியோதெரபிஸ்ட் வரும் நாட்களின் அட்டவணையும், (3) போக்குவரத்துப் படி, துணையாளர் படி ஆகியவற்றுக்குத் தகுதி உண்டா இல்லையா என்ற முடிவும் எழுத்துமூலம் வழங்க வேண்டுகிறேன். என் மகன் இதே பள்ளியில் தொடர்ந்து படிக்கவே விரும்புகிறோம்." கடைசி வாக்கியம் மிக முக்கியம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

துணையாளர் படி உங்கள் நடவுக் கூலிக்கு ஈடாகாது, அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அங்கே உட்கார வேண்டியதே இல்லாமல் செய்வதுதான் பள்ளியின் கடமை. படி அதற்குப் பதில் ஆகாது.

கைக்கு ரொக்கமாக வருவது வேறு இடத்தில் இருக்கிறது: திருவாரூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். 40 விழுக்காட்டுக்கு மேல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. உங்கள் மகனுக்கு 60. இதுவரை விண்ணப்பிக்கவில்லை என்றால் இந்த வாரமே போங்கள். காத்திருப்போர் பட்டியல் என்று சொன்னால் விண்ணப்ப எண்ணும் பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதும் கேட்டு வாங்குங்கள். 1-ஆம் வகுப்பிலிருந்தே கொடுக்கும் கல்வி உதவித்தொகையையும் அங்கேயே விசாரியுங்கள். நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் உங்கள் மகனுக்குப் பொருந்தும். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் அதில் சேரும்.

மனு கொடுத்து ஒரு மாதம் பாருங்கள். பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் அதே மனுவின் நகலோடு போங்கள். கூடவே 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி, உங்கள் பள்ளிக்குச் சிறப்பாசிரியர் வந்த நாட்களின் பதிவேட்டு நகலைக் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும். மனுவால் அசையாத ஆபீஸ் இந்தக் கேள்வியில் அசைவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கும் மேலே சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். தபாலிலேயே புகார் அனுப்பலாம். ஆவணங்களை வரவழைக்கவும் அதிகாரிகளை அழைத்து விசாரிக்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் தருவது பரிந்துரைதான் என்றாலும், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று துறை 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

உயர் நீதிமன்றம் கடைசி வழி. தஞ்சாவூர்க்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போவார்கள் என்பதால் நம் பக்கத்தில் பலரும் அங்கேதான் என்று நினைக்கிறார்கள். திருவாரூர் மாவட்டத்துக்குச் சென்னைதான். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. திருவாரூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். போகும்போது சான்றிதழ், அடையாள அட்டை, முத்திரை வாங்கிய மனு நகல் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.