வாசகர் கேள்வி பதில்: தோட்டத்து ஆமைக்கு ராத்திரி சூடு எப்படி குடுக்குறது?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்க டெக்சஸ்ல டல்லாஸ் பக்கம் இருக்கோம். பக்கத்து வீட்டுக்காரங்க ஊர் மாறிப் போறப்ப அவங்க சல்கட்டா ஆமைய எங்ககிட்ட விட்டுட்டுப் போனாங்க, பொண்ணு இப்ப அதை விட்டு நகர மாட்டேங்குறா. 15 இன்ச் நீளம் இருக்கு, வீட்டுக்குள்ள வச்சு சமாளிக்க முடியல. பின்பக்கம் ஒரு மரப்பெட்டி செஞ்சு, வைக்கோல் போட்டு, சிவப்பு ஹீட் பல்ப் ஒண்ணு கிளிப்ல மாட்டிருக்கோம். டிசம்பர் குளிருக்கு இது போதுமா? கரண்ட் போச்சுன்னா என்ன செய்யணும்?

பதில்: அந்த பல்பை இன்னைக்கே கழட்டிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். வைக்கோலும் கிளிப்ல தொங்குற பல்பும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கவே கூடாது. சல்கட்டா சும்மா ஒரு மூலைல படுத்துக்கற ஜீவன் இல்ல, எதிர்ல என்ன இருந்தாலும் முட்டித் தள்ளும், கிளிப் ஒரு தடவை நழுவினா போதும், பெட்டியோட சேர்ந்து உள்ள இருக்குறதும் எரிஞ்சு போயிடும். பல்பு விழவே இல்லன்னு வச்சுக்கிட்டாலும் ஆபத்துதான். அந்த சூடு ஓட்டோட உச்சில ஒரே இடத்துல இறங்கும், வயிறும் காலும் சில்லுன்னே கிடக்கும், உடம்பு சூடாகலயேன்னு ஆமை பல்புக்கு அடியிலயே நிக்கும், கடைசில முதுகுல தீப்புண். ஓட்டுக்கு வலிக்காதுன்னு நிறைய பேர் நினைக்குறாங்க, அது தப்பு, ஓடுங்கறது உயிருள்ள எலும்பு, தொட்டா அதுக்குத் தெரியும்.

சல்கட்டா சஹாராவுக்குத் தெற்கால இருக்குற வறண்ட பூமியைச் சேர்ந்தது, செனகல்லேர்ந்து சூடான் வரைக்கும். குளிர்காலத் தூக்கம்ங்கறதே அதுக்குக் கிடையாது, அங்க ராத்திரி குளிர்ந்தா ஆழமா வளை தோண்டி உள்ள போயிடும். டல்லாஸ்ல வர்ற குளிர் ஈரத்தோட வர்ற குளிர், அதைத்தான் இது தாங்காது. மூக்குல சளி, நுரை, வாயைத் திறந்து மூச்சு விடுறதுன்னு ஆரம்பிச்சு நிமோனியால போய் நிக்கும். இந்த அறிகுறி எதைப் பாத்தாலும் ஊர்வன பாக்குற டாக்டர்கிட்ட அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.

இப்ப பெட்டி. ஹீட்டர் வாங்குறதுக்கு முன்னாடி பெட்டிய சரி பண்ணுங்க, ஏன்னா சூடு வெளிய போகாம நிறுத்துறதுதான் பாதி வேலைக்கு மேல. ரெண்டு பிளைவுட்டுக்கு நடுவுல ஒன்றரை இல்ல ரெண்டு இன்ச் ஃபோம் ஷீட், நாலு பக்கமும், மேல கீழயும். ஃபோம் உள்பக்கம் வெளிய தெரியக்கூடாது, தெரிஞ்சா கடிச்சுத் தின்னுடும். நாலுக்கு நாலு அடி, ரெண்டடி உயரம் இப்போதைக்குப் போதும், ஆனா இது 40 கிலோவுக்கு மேலயும் வளரக்கூடிய ஜாதிங்கறதை மனசுல வச்சுக்கிட்டுக் கட்டுங்க. வாசல்ல கோல்ட் ஸ்டோரேஜ்ல தொங்குமே அந்த பிளாஸ்டிக் பட்டை, ஒண்ணு மேல ஒண்ணு படியுற மாதிரி தொங்கவிட்டு, ராத்திரிக்கு மூட ஒரு கதவும் வைங்க. வைக்கோலை எடுத்துட்டு காஞ்ச மண்ணோ ரப்பர் மேட்டோ போதும்.

சூட்டுக்கு ரெண்டு வழி நல்ல வழி. ஒண்ணு, சின்ன ஆயில் ஹீட்டர் (உள்ள எண்ணெய் அடைச்சிருக்கும், ஓடுறது கரண்ட்ல), 700 வாட் மாதிரி, ஒரு மூலைல வச்சு ஆமை தொட முடியாதபடி கனமான தடுப்பு போட்டு, பெட்டிக்குள்ள இருக்குற காத்து மொத்தத்தையும் மெதுவா சூடாக்குறது. ரெண்டாவது, கூரைல திருகி மாட்டுற ரேடியன்ட் ஹீட் பேனல், அதாவது கீழ்நோக்கி சூடு வீசுற தட்டைப் பலகை, கீழ பண்ணை விலங்குக்குன்னே விக்குற ஹீட் மேட். எது வச்சாலும் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டை அளந்து ஹீட்டரைத் தானா நிறுத்தி ஓட்டுற கருவி, இல்லாம வைக்கக்கூடாது, 80 டிகிரி ஃபாரன்ஹீட்ல, அதாவது 27 செல்சியஸ் கிட்ட வைங்க, என்ன ஆனாலும் 60க்குக் கீழ இறங்க விடாதீங்க. அதோட சென்சார் ஆமையோட உயரத்துல, ஹீட்டரை விட்டுத் தள்ளி இருக்கணும். ஆயில் ஹீட்டர்ல கைல திருகுற பட்டன் உள்ளதைப் பாத்து வாங்குங்க, டிஜிட்டல் ஹீட்டர் நிறைய தெர்மோஸ்டாட் நிறுத்தினதுக்கப்புறம் தானா திரும்ப ஆன் ஆகாது, நீங்க தூங்கிட்டு இருப்பீங்க, பெட்டி ஐஸ் ஆயிடும். தெர்மோஸ்டாட் அந்த வாட்டைத் தாங்குமான்னும் பாருங்க. எக்ஸ்டென்ஷன் வயர்ல ஹீட்டர் மாட்டாதீங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஷாக் அடிச்சா தானா கட் ஆகுற அவுட்லெட் ஒண்ணு போட்டுடுங்க, காசு ஆகும்தான், இதுல மிச்சம் பிடிக்காதீங்க. எல்லாம் முடிச்சு ஆமை இல்லாமலே சில ராத்திரி ஓட்டிப் பாருங்க, குறைஞ்ச அளவு கூடின அளவு ரெண்டும் காட்டுற வயர்லெஸ் தெர்மாமீட்டர் ஒண்ணு படுக்கையறைல இருக்கட்டும். தானா உள்ள போயிடும்னு நம்பாதீங்க, பொழுது சாயுறப்ப போய்ப் பாத்து கதவை மூடுங்க.

கரண்ட் போறதைப் பத்தி கேட்டது ரொம்ப சரி. 2021 பிப்ரவரில உங்க மாநிலத்துல பல லட்சம் வீட்டுக்கு நாள்கணக்குல கரண்ட் இல்ல, கடலே குளிர்ந்து விறைச்சுப்போன கடல் ஆமைகளை ஆயிரக்கணக்குல சவுத் பாட்ரே தீவு கன்வென்ஷன் சென்டர்ல தரையில பரப்பி வச்சிருந்தாங்க. நல்லா அடைச்ச பெட்டி கதவு மூடியிருந்தா கொஞ்ச நேரம் தாங்கும், ராத்திரி முழுக்க போகும்னு தெரிஞ்சா வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்து பெரிய பிளாஸ்டிக் டப்பால ஈரமில்லாம வைங்க. கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர், மண்ணெண்ணெய் ஹீட்டர் எதையும் பெட்டிக்குள்ளயோ கராஜுக்குள்ளயோ கொண்டு போகாதீங்க, கார்பன் மோனாக்சைடு ஆமையை மட்டுமில்ல உங்களையும் கொல்லும்.

இதைப் படிச்சுட்டு நம்ம ஊர்ல, இந்தியாவுல யாரும் நட்சத்திர ஆமைக்குப் பெட்டி கட்டிடாதீங்க. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்ல வச்சிருக்குறதே குற்றம், யார்கிட்டயாவது பாத்தா வனத்துறைக்குச் சொல்லுங்க.

கேள்வி: நாங்க அரிசோனால பீனிக்ஸ். மாநில வனவிலங்குத் துறை மூலமா பாலைவன ஆமை ஒண்ணைத் தத்தெடுத்திருக்கோம். அதுக்கும் ஹீட்டர் வேணுமா?

பதில்: வேண்டாம், வைக்கவும் கூடாது. அது அந்த மண்ணோட ஆமை, குளிர் வந்தா வளைக்குள்ள போய் தூங்கணும். சூடு குடுத்தீங்கன்னா அரைகுறையா முழிச்சு, சாப்பிடவும் முடியாம தூங்கவும் முடியாம உடம்புல சேர்த்து வச்சதை எரிச்சுத் தீர்த்துடும். மண்ணுக்குள்ள பாதி புதைஞ்ச மாதிரி, மழைத் தண்ணி இறங்காத வளை ஒண்ணு கட்டிக் குடுங்க, அது போதும். மெலிஞ்சோ சளியோடவோ இருந்தா மட்டும் தூங்க விடுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டுங்க. மார்ச் வாக்குல வெளிய வந்ததும் ஆழமில்லாத தட்டுல தண்ணி வைங்க, சாப்பாட்டை விட அதைத்தான் முதல்ல தேடும்.