மாடிப்படிக்கு அடியில் குடில்

கேள்வி: அக்கா, எனக்கும் என் மச்சானுக்கும் மூன்று வருடமாக ஒரே சண்டை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி 'டை ஹார்ட்' போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். மச்சான் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, இத்தனை துப்பாக்கிச் சூடு இருக்கிற படம் எப்படிக் கிறிஸ்துமஸ் படமாகும் என்பார். கதையே அந்த ராத்திரியில்தானே நடக்கிறது என்பேன் நான். போன வருடம் 65 இஞ்ச் டிவி வாங்கியதால் குடிலை மாடிப்படிக்கு அடியில் மாற்றிவிட்டோம், ஹால் தியேட்டர் மாதிரி இருந்தது. ஏழு வயதுப் பையன்கூடத் தூங்காமல் பார்த்தான். பூசை முடிந்து அம்மா வந்தபோது கிளைமாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, அவரே செல்போன் வெளிச்சத்தில் பாலன் இயேசுவை வைத்துவிட்டுப் படுத்துவிட்டார், கோபமெல்லாம் இல்லை. யார் சொல்வது சரி?
- சோமனூர் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் சண்டையை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் படம் அமெரிக்காவில் வெளியானது 1988 ஜூலையில், நல்ல கோடையில். நாயகன் புரூஸ் வில்லிஸே 2018-இல் ஒரு மேடையில் இது கிறிஸ்துமஸ் படமில்லை என்று சொல்லிவிட்டார். இவ்வளவும் மச்சான் பக்கம். இருந்தாலும் என்னைக் கேட்டால் அது கிறிஸ்துமஸ் படம்தான், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். ஜெயித்துவிட்டீர்கள், சரியா?

இப்போது குடிலுக்கு வாருங்கள்.

டிவி எத்தனை இஞ்ச் என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு, அம்மா பூசைக்கு யாரோடு போனார், அந்தப் பனியில் எதில் திரும்பி வந்தார் என்று ஒரு வார்த்தை எழுதத் தோன்றவில்லை. படம் 2 மணி 12 நிமிடம். அவர் வரும்போது கிளைமாக்ஸ் என்றால், கோவிலில் பூசை தொடங்குகிற நேரத்துக்குத்தான் நீங்கள் படத்தையே போட்டிருக்கிறீர்கள். கருமத்தம்பட்டி மாதா கோவில் உங்களுக்குப் பைக்கில் பத்து நிமிடம் இருக்குமா?

நான் சாமி கும்பிடுகிற கோவில் வேறு, ஆனால் சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் குடிலைத் தினமும் போய்ப் பார்ப்பேன். தட்டில் மண் பரப்பி ராகி விதைத்து, காலையும் சாயங்காலமும் தண்ணீர் தெளித்து, விரல் உயரத்துக்கு வந்ததும் அப்படியே பெயர்த்துக் குடிலுக்குப் புல்லாக வைப்பார்கள். மாதா, சூசையப்பர், ஆடு, மாடு எல்லாம் நிற்கும், நடுவில் வைக்கோல் மேல் மட்டும் காலி. உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்தப் பாலனைப் பூசை முடிந்து வந்துதான் வைப்பார்கள், அதுவும் வீட்டிலேயே சின்னப் பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, அது கையில் கொடுத்து. உங்கள் வீட்டில் அந்தப் பிள்ளை முழித்துக்கொண்டு பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தான். (ஏழு வயதுக்கு அந்தப் படமா, அதற்குத் தனியாகத் திட்ட வேண்டும்.) பெரியவர் ஒரு கையில் செல்போனும் ஒரு கையில் பாலனுமாக, படியில் தலை இடிக்காமல் குனிந்து வைத்திருக்கிறார், ஹாலில் டுமீல் டுமீல் என்று சத்தம்.

"கோபமெல்லாம் இல்லை" என்று எனக்கு எழுதாத மகன் கிடையாது. கோபித்துக்கொண்டால் எழுந்து வருவான் என்ற நம்பிக்கை இருந்தால்தானே தம்பி கோபித்துக்கொள்வதற்கு?

வருடா வருடம் பார்க்கிறீர்களே, அந்தப் போலீஸ்காரன் என்ன செய்கிறான்? மனஸ்தாபத்தில் பிரிந்திருக்கிற மனைவியையும் பிள்ளைகளையும் பண்டிகைக்குப் பார்க்க, விமானம் என்றாலே உதறல் எடுக்கிற ஆள், பெரிய கரடி பொம்மையைத் தூக்கிக்கொண்டு நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் வருகிறான், வந்த இடத்தில் காலில் செருப்பில்லாமல் உடைந்த கண்ணாடி மேல் நடக்கிறான். கிறிஸ்துமஸ் படம் என்று நான் சொன்னது அதனால்தான். நீங்கள் ரிமோட்டை அமுக்கிவிட்டுப் பத்தடி நடக்கவில்லை. பண்டிகை என்றால் அம்மா செய்வது, மகன் சாப்பிடுவது என்று பிள்ளைகளை வளர்த்ததில் என் வயதுப் பெண்களுக்கும் பங்கிருக்கிறது, அதற்காக உங்களை விட்டுவிட முடியாது. மச்சான் ஒறம்பரை வந்தவர், அவரை ஒன்றும் சொல்லமாட்டேன்.

இந்த வருடம் குடில் ஹாலுக்கு வரட்டும், டிவியை மறைத்தால் மறைக்கட்டும். 24-ம் தேதி ராத்திரி வண்டியை நீங்களே எடுங்கள், பூசை முடிகிறவரை வெளியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். படம் எங்கேயும் ஓடிப்போகாது, மறுநாள் ராத்திரி பையனைத் தூங்கவைத்துவிட்டு மச்சானோடு பாருங்கள். மன்னிப்பு அது இது என்று அம்மாவிடம் வசனம் பேசவேண்டாம், "பாலனை இந்தத் தடவை பையன் வைக்கட்டுமுங்களா" என்று மட்டும் கேளுங்கள். ராகியை 10-ம் தேதிக்கே ஊறவைத்து விதைத்துவிடுங்கள், இந்தப் பனிக்குச் சுணங்கித்தான் முளைக்கும்.