எஸ்சிடாலோபிராம் சாப்பிடுகிறேன், ஆப்பிரிக்க 'கன்னா' மூலிகையும் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பதற்ற நோய்க்காக எட்டு மாதமாக எஸ்சிடாலோபிராம் 10 மி.கி. சாப்பிடுகிறேன். நான்கு மாதமாக நன்றாக இருக்கிறேன். ஆனால் காலையில் முதல் பீரியட் முழுக்கக் கொட்டாவி, எடையும் கூடிவிட்டது. "இன்னும் அந்த மாத்திரையை விடலையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். கேப் டவுனில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் லீவில் வந்தபோது 'கன்னா' என்ற ஆப்பிரிக்க மூலிகையை ஒரு டப்பா காப்ஸ்யூலாகவும் ஒரு பாக்கெட் பொடியாகவும் கொண்டு வந்தார். மனசு லேசாகும், பக்கவிளைவு கிடையாது என்கிறார். மாத்திரையை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடலாமா? அல்லது இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு மெதுவாக மாத்திரையை விடலாமா? இது கஞ்சா மாதிரி ஏதாவதா? பிளஸ் டூ படிக்கும் மகளுக்குத் தேர்வு பயம் அதிகம். அவளுக்குக் கொடுக்கலாமா?

மருத்துவர் பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் சேர்த்து ஒரு நாள்கூடச் சாப்பிடாதீர்கள். எஸ்சிடாலோபிராமை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். காப்ஸ்யூல் டப்பா இப்போதைக்கு மூடியபடியே அலமாரியில் இருக்கட்டும், பொடியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஏற்கெனவே சாப்பிடத் தொடங்கியிருந்தால் இன்றோடு கன்னாவை நிறுத்திவிட்டு, மாத்திரையை வழக்கம்போலத் தொடருங்கள். உங்கள் மனநல மருத்துவருக்கும் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

கன்னா போலி மூலிகை என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அதற்கு நிஜமாகவே வேலை செய்யும் சக்தி இருக்கிறது. என் கவலையே அதுதான்.

இது தென்னாப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளில், குறிப்பாக நமக்வாலாந்து, கரூ பக்கம், தரையோடு படர்ந்து வளரும் சிறு செடி. தாவரவியல் பெயர் ஸ்கெலிட்டியம் டார்ச்சுவோசம். கஞ்சாவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. நம் ஊர் வயல்வரப்பில் முளைக்கும் சாரணை இருக்கிறதே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலை தடித்து, நீர் கோத்து, மேலே பனித்துளி ஒட்டினாற்போல மினுங்கும். இலை காய்ந்த பிறகு நரம்புகள் மட்டும் எலும்புக்கூடு போலச் செடியிலேயே நிற்கும். (நம் தோட்டங்களில் இருக்கும் கல்வாழைக்கும் தாவரவியலில் கன்னா என்றே பெயர். அது முற்றிலும் வேறு செடி, இணையத்தில் தேடும்போது குழம்பிவிடாதீர்கள்.)

வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களும் ஆடுமாடு மேய்த்த கொய்கொய் மக்களும் இதைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். 1685-ல் கேப் பகுதியின் டச்சு நிர்வாகி சைமன் வான் டெர் ஸ்டெல் தாமிரம் தேடி நமக்வாலாந்துக்குப் போன பயணத்தின் குறிப்பேட்டில் இந்தச் செடி வருகிறது. இந்தியர்களுக்கு வெற்றிலை பாக்கு எப்படியோ அப்படி இங்குள்ளவர்களுக்கு இது, நாள் முழுக்க மெல்கிறார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அதிகம் மென்றால் போதை ஏறும் என்பதையும் சேர்த்தே பதிந்திருக்கிறார்கள்.

அவர்கள் அதைப் பக்குவப்படுத்தும் முறையைக் கேளுங்கள். செடியை அப்படியே பிடுங்கி, கல்லில் வைத்து நசுக்கி, ஒரு பைக்குள் போட்டு வாயை இறுகக் கட்டி வெயிலில் வைப்பார்கள். உள்ளே சாறு விட்டுப் புளிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாள் கழித்துத் திறந்து, கிளறி, மறுபடி கட்டுவார்கள். எட்டு நாள் ஆனதும் வெளியே எடுத்து, திராட்சையை உலர்த்துவதுபோல வெயிலில் பரப்பிக் காயவைப்பார்கள். பிறகுதான் மெல்வது, மூக்குப்பொடியாக்குவது, தேநீரில் போடுவது எல்லாம். இந்தப் புளிப்பேற்றத்தில் செடியிலுள்ள ஆல்கலாய்டுகளின் (உடலில் வேலை செய்யும் இயற்கை வேதிப்பொருள்களின்) விகிதமே மாறுகிறது என்பது ஆய்வகத்தில் பார்த்த உண்மை. தூர நடைக்குப் போகும்போது பசி, தாகம், களைப்பு தெரியாமல் இருக்கவும், பல்வலிக்கும், மனம் அமைதியாகவும் இதை எடுத்துக்கொண்டார்கள். எந்த மலையில் பிடுங்குவது, எவ்வளவு மெல்வது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பாக்கெட்டில் அடைத்து வருவது செடி மட்டும்தான். அந்த அறிவு கூடவே வருவதில்லை.

சரி, உடலுக்குள் இது என்ன செய்கிறது? நம் மூளையில் ஒரு நரம்பணு மனநிலையோடு தொடர்புள்ள செரடோனின் என்ற வேதிப்பொருளை வெளியே விடும், வேலை முடிந்ததும் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். எஸ்சிடாலோபிராம் அந்தத் திரும்ப இழுக்கும் வேலையைத் தடுக்கிறது. அதனால் நரம்பணுக்களுக்கு நடுவில் செரடோனின் கூடுதலாக நிற்கிறது. கன்னாவில் இருக்கும் மெசெம்ப்ரின் என்ற ஆல்கலாய்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆக, நீங்கள் இரண்டையும் சேர்த்து எடுத்தால், ஒரே கதவை இரண்டு பேர் சேர்ந்து அழுத்திச் சாத்துவதுபோல ஆகிவிடும். செரடோனின் அளவுக்கு மீறி ஏறினால் வருவதைச் செரடோனின் சிண்ட்ரோம் என்கிறோம்.

அதன் அறிகுறிகள் பெரும்பாலும் மருந்து சேர்ந்த ஒரு நாளுக்குள்ளேயே தெரிந்துவிடும். கை நடுங்கும், உடம்பு வியர்த்துக் கொட்டும், வயிற்றுப்போக்கு வரும், நெஞ்சு படபடக்கும், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒரு தவிப்பு இருக்கும். பதற்ற நோய் உள்ளவர்கள் இதை 'பழைய பதற்றம் திரும்பிவிட்டது' என்று எண்ணி இன்னொரு காப்ஸ்யூல் போட்டுக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அதனால் இதை நன்றாக நினைவில் வையுங்கள். காய்ச்சல் ஏறுவது, கால்கள் விறைப்பது அல்லது தானாகத் துடிப்பது, பேச்சில் குழப்பம் இதெல்லாம் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். சாப்பிட்ட எல்லாவற்றின் டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள்.

இந்த எச்சரிக்கை உங்களுக்கு மட்டும் இல்லை. ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள், வலிக்கு டிரமடால் எடுப்பவர்கள், ஒற்றைத் தலைவலிக்கு சுமாட்ரிப்டான் போடுபவர்கள், லித்தியம் சாப்பிடுபவர்கள் எல்லாருக்கும் பொருந்தும். வறட்டு இருமல் சிரப் பலவற்றில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபனும் இந்தப் பட்டியலில் உண்டு. கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் கன்னாவைத் தொடவே வேண்டாம்.

உங்கள் கொழுந்தனார் 'பக்கவிளைவு கிடையாது' என்றது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. கன்னாவை வைத்து மனிதர்களிடம் செய்த ஆய்வுகள் உண்மையிலேயே இருக்கின்றன. செம்ப்ரின் என்ற பெயரில், ஆல்கலாய்டு அளவைச் சீராக்கி ஒரு சாறு தயாரிக்கிறார்கள். 2013-ல் வந்த ஓர் ஆய்வில் 16 பேருக்கு அதில் 25 மி.கி. ஒரே ஒரு வேளை கொடுத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். பயந்த முகங்களின் படத்தைக் காட்டும்போது, பயத்தை உணரும் பகுதியான அமிக்டலாவின் செயல்பாடு குறைந்திருந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில் 37 பேருக்கு மூன்று மாதம் 8 மி.கி., 25 மி.கி., அல்லது வெறும் டம்மி காப்ஸ்யூல் கொடுத்தார்கள்; பெரிய தொந்தரவு எதுவும் வரவில்லை. நல்ல செய்திதான். ஆனால் இவர்கள் அனைவரும் எந்த நோயும் இல்லாத ஆரோக்கியமானவர்கள். எஸ்சிடாலோபிராம் தயாராகிக் கடைக்கு வருவதற்குள் பதற்ற நோயும் மனச்சோர்வும் உள்ள ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

பாக்கெட் பொடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காப்ஸ்யூல் டப்பாவில் எத்தனை மி.கி. சாறு என்றாவது போட்டிருக்கும். பொடியில் அதுவும் இருக்காது. எந்த மாதத்தில் பிடுங்கிய செடி, புளிக்க வைத்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அதன் வீரியம் மாறும். இன்னொன்று, கன்னா என்று விற்கும் பொருள்களைப் பரிசோதித்தபோது சிலவற்றில் எபெட்ரின் கலந்திருந்ததாக 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. எபெட்ரின் நெஞ்சுத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். பதற்றத்துக்கு மருந்து தேடுபவருக்கு அதைவிடக் கேடான கலப்படம் வேறு இல்லை. பொடியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

எங்கோ ஒரு மலைச்சரிவில் காலகாலமாக இந்தச் செடியைக் காத்து வந்தவர்களுக்கும் விற்பனையில் பங்கு போக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். செம்ப்ரின் தயாரிப்பாளர்கள் தென்னாப்பிரிக்க சான் கவுன்சிலோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். பால்ஸ்ஹூக், நூரிவிர் என்ற நமக்வாலாந்து கிராமங்களுக்கும் அதில் பங்கு உண்டு. மேற்பார்வை இல்லாமல் காட்டில் பிடுங்கி விற்கும் பொடியில் அந்த நியாயமும் கிடையாது.

இனி உங்கள் மாத்திரைக்கு வருவோம். நீங்கள் அதை விட விரும்புவது தவறே இல்லை. பதற்ற நோயில் குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்தைத் தொடரச் சொல்கிறோம், பலருக்கு ஒரு வருடம் வரைகூட. நீங்கள் நன்றாக இருக்கத் தொடங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. ஆக, எப்போது குறைக்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் பேச இதுவே நல்ல நேரம். அவர் பல வாரங்கள் எடுத்து, படிப்படியாகக் குறைப்பார். பட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தாற்போல ஓர் உணர்வு எல்லாம் வரும். அதைப் பார்த்துத்தான் பலரும் 'மாத்திரைக்கு அடிமையாகிவிட்டோம்' என்று பயப்படுகிறார்கள். அடிமையாவது என்றால் அளவை ஏற்றிக்கொண்டே போகச் சொல்லி மனம் கெஞ்ச வேண்டும். எஸ்சிடாலோபிராமில் அது நடப்பதில்லை.

முதல் பீரியட் கொட்டாவிக்கு ஒரு சின்ன மாற்றம் போதும். காலையில் மாத்திரை எடுப்பவராக இருந்தால் இரவுக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். எடை கூடியதையும் அவரிடம் சொல்லுங்கள். கூடவே தைராய்டும் சர்க்கரையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. வேறு மாத்திரைக்கு மாற்றவும் வழி உண்டு. தாம்பத்தியத்தில் ஆர்வம் குறைந்திருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். இந்த மாத்திரையில் அது சகஜம், ஆனால் நோயாளி வாய் திறக்காததால் எங்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. சொந்தக்காரர்கள் கேட்டால், "பிரஷருக்கு மாத்திரை மாதிரி இதுவும், டாக்டர் சொல்லும்போது விடுவேன்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். யாருக்கும் நீங்கள் விளக்கம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

முழுதாக மாத்திரையை முடித்து, அதன் பிறகும் கன்னாவை முயன்று பார்க்க ஆசை இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். காப்ஸ்யூல் டப்பாவை உங்கள் மருத்துவரிடமே காட்டி, அவர் சம்மதித்தால் மட்டும் எடுங்கள். ஃப்ளூவாக்ஸெடின் எடுப்பவர்களுக்கு இந்த இடைவெளி ஐந்து வாரம், ஏனென்றால் அது உடம்பை விட்டுப் போக அவ்வளவு நாளாகும்.

மகளுக்கு வேண்டாம். நான் மேலே சொன்ன ஆய்வுகள் பெரியவர்களிடம் செய்தவை. வளரும் மூளையில் செரடோனினோடு விளையாடக் கூடாது. தேர்வு பயத்துக்கு முதலில் அவள் தூக்கத்தைப் பாருங்கள். இரவு ஒரு மணி வரை படித்துவிட்டு ஐந்து மணிக்கு எழும் பிள்ளைக்கு எந்த மூலிகையும் உதவாது. மாதிரித் தேர்வை வீட்டிலேயே கடிகாரம் வைத்து எழுதப் பழக்குங்கள். மதிப்பெண் பேச்சைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள். நீங்களே ஆசிரியை என்பதால் வீட்டிலும் அவளுக்குப் பள்ளிக்கூடமாகவே இருக்கக்கூடும், அதைக் கொஞ்சம் கவனியுங்கள். தேர்வு நாள் நெருங்கும்போது வாந்தி, வயிற்றுவலி, அழுகை என்று தினமும் இருந்தால் ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். நான்கைந்து அமர்விலேயே நல்ல மாற்றம் தெரியும் பிள்ளைகள் நிறையப் பேர். 'வாழவே பிடிக்கவில்லை' என்ற பேச்சு அவள் வாயில் ஒரு முறை வந்தாலும் அதை அலட்சியப்படுத்தாதீர்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.